எட்டு மணி ஜெபமே எங்கள் கட்சி



"விசுவாசத்தில் நம்மைப் பெரிதும் வளர்ப்பது கன்வென்ஷன் கூட்டமா, குடும்ப ஜெபமா?" இதுதான் இன்றைய பட்டிமன்றத் தலைப்பு. எதிரணித் தலைவர் அண்ணாச்சி பேசும்போது மைக் அதிர்ந்தது, பந்தல் அதிர்ந்தது, தூங்கிக்கொண்டிருந்த ஒரு குழந்தை எழுந்து அழுதது. கன்வென்ஷனுக்காகப் பேச வந்தவர் ஒரு கன்வென்ஷனே நடத்திவிட்டுப் போய் உட்கார்ந்திருக்கிறார். நான் குடும்ப ஜெபத்துக்காகப் பேச வந்தவள். எனக்கு ஒரு பாயும் ஒரு வேதாகமமும் இருந்தால் போதும். மைக்கும் கொடுத்துவிட்டார்கள், வேண்டாம் என்று சொல்ல மனமில்லை.

நடுவர் அவர்களே, எங்கள் அணி கன்வென்ஷனுக்கு விரோதி என்று யாரும் கிளப்பிவிட வேண்டாம். கேரளத்தில் பம்பை ஆற்று மணலில் மார்த்தோமா சபையார் 1895 முதல் நடத்திவரும் மாராமண் கன்வென்ஷனை யார் குறை சொல்வார்கள்? அப்படிப்பட்ட கூட்டங்களில் மனம் திரும்பியவர்கள் இந்தப் பந்தலிலேயே இருப்பார்கள். ஆனால் மனம் திரும்ப ஒரு இரவு போதும். வளர்வதற்கு? நடுவர் கேட்டிருப்பது வளர்ச்சியைப் பற்றி. அண்ணாச்சி கடைசிவரைக்கும் பிறப்பைப் பற்றியே பேசிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அவர் எடுத்த பெரிய ஆயுதம் பெந்தெகொஸ்தே நாள். பேதுரு எழுந்து நின்றார், ஒரே பிரசங்கம், ஒரே நாள், 3,000 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்றார். நீங்களும் கைதட்டினீர்கள், நானும் தட்டினேன். அண்ணாச்சி, 3,000 பேர் வருவது அப்போஸ்தலர் நடபடிகள் இரண்டாம் அதிகாரம் 41-ஆம் வசனத்தில். இன்னும் ஐந்து வசனம் பொறுமையாக வாசித்திருக்கக் கூடாதா? 46-ஆம் வசனத்துக்கு வந்தால் அந்த 3,000 பேரும் தேவாலயத்திலும் இருக்கிறார்கள், வீடு வீடாக அப்பம் பிட்டுக்கொண்டும் இருக்கிறார்கள். அதுவும் வருஷத்துக்கு ஒருமுறை இல்லை, தினந்தோறும். சேர்த்தது கூட்டம், சிதறாமல் வைத்துக்கொண்டது வீடு.

பவுலை எடுத்துக்கொள்ளுங்கள். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் வீட்டில் கூடுகிற சபைக்கு வாழ்த்துச் சொல்கிறார். பிலேமோனுக்கு எழுதும்போது அவர் வீட்டுச் சபைக்கு வாழ்த்துச் சொல்கிறார். தீமோத்தேயுவின் விசுவாசம் எங்கிருந்து வந்தது என்று எழுதும்போது பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். உபாகமம் ஆறாம் அதிகாரம் பிள்ளைகளுக்கு எங்கெங்கே போதிக்க வேண்டும் என்று பட்டியலே போடுகிறது. வீடு இருக்கிறது, வழி இருக்கிறது, படுக்கை இருக்கிறது. மைதானம் இல்லை, அண்ணாச்சி!

எதிரணித் தம்பி ஒருவர், "குடும்ப ஜெபத்தில் பிள்ளைகள் தூங்கி வழிகிறார்கள்" என்று கிண்டல் செய்தார். தூங்குகிறார்கள்தான். துரோவா பட்டணத்தில் பவுலே பிரசங்கம் பண்ணும்போது ஐத்திகு என்ற வாலிபன் ஜன்னலில் உட்கார்ந்து தூங்கி, மூன்றாம் மாடியிலிருந்து கீழே விழுந்தான். பவுல் இருந்ததால் பிழைத்தான். எங்கள் வீட்டு ஜெபத்தில் தூங்குகிற பிள்ளை சாய்ந்தால் பாட்டி மடியில்தான் சாயும். சேதாரம் கிடையாது.

வேதம் போதாது, நம் ஊர்க் கதை வேண்டும் என்பீர்கள். தூத்துக்குடிப் பக்கம் முத்துக்குளித்துறைக்கு வாருங்கள். 1530-களின் பிற்பகுதியில் அந்தக் கடற்கரையில் ஏறத்தாழ 20,000 பரதவர் ஞானஸ்நானம் பெற்றார்கள். அதைவிடப் பெரிய கூட்டம் வேண்டுமா? 1542-ல் பிரான்சிஸ் சவேரியார் வந்து பார்த்தார். தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதைத் தவிர அவர்களுக்கு வேறொன்றும் தெரியவில்லை என்று கடிதத்தில் எழுதினார். குற்றம் மக்கள்மேல் இல்லை. சொல்லிக்கொடுக்க ஆளே இல்லை.

சவேரியார் என்ன செய்தார்? ஜெபங்களைத் தமிழில் எழுதச் செய்து மனப்பாடம் பண்ணினார். கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைச் சேர்த்தார். அவர்களுக்குக் கற்றுக்கொடுத்து, வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று அனுப்பினார். நோயாளி வீட்டுக்குத் தான் போக முடியாதபோது அந்தப் பிள்ளைகளையே ஜெபிக்க அனுப்பினார். கடற்கரை முழுவதற்கும் ஒரு மனிதர் போதாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வேலையை வீட்டிடம் ஒப்படைத்தார்.

1578-ல் கொல்லத்தில் ஒரு நூல் அச்சானது. ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் பாதிரியாரின் 'தம்பிரான் வணக்கம்'. இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல் அது. மொத்தம் 16 பக்கம். உள்ளே இருந்தவை ஜெபங்களும் விசுவாசப் பாடமும். தமிழ் எழுத்து அச்சுக்குப் போனதே, ஒரு சாதாரண மனிதன் மனப்பாடம் செய்து சொல்ல வேண்டிய ஜெபத்துக்காகத்தான்!

இதற்குப் பலன் என்ன என்று கேட்பீர்கள். 1658-ல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருக்களை விரட்டினார்கள். குரு இல்லை, திறந்த வழிபாடு இல்லை, கூட்டம் போட வழியே இல்லை. ஆனாலும் அந்த மக்கள் தங்கள் விசுவாசத்தை விடவில்லை. 1542-ல் ஒன்றும் அறியாதவர்களாக இருந்த ஜனத்தின் பேரப்பிள்ளைகள் நூறு வருஷத்துக்குப் பிறகு ஒரு அரசாங்கத்தையே எதிர்த்து நின்றார்கள். பிள்ளைகள் வழியாக வீட்டுக்குள் போன ஜெபத்துக்கு அதில் பங்கில்லை என்று எதிரணியால் சொல்ல முடியுமா?

அடுத்து கணக்குக்கு வருகிறேன். வேதாகமத்தின் 66 புத்தகங்களில் 1,189 அதிகாரங்கள். ராத்திரி ஜெபத்தில் ஒரு அதிகாரம் வாசித்தால் மூன்று வருஷம் மூன்று மாதத்தில் முழு வேதாகமமும் முடிந்துவிடும். ஐந்து வயதில் பாயில் உட்காரும் பிள்ளை பதினெட்டு வயதில் காலேஜுக்குப் போகும்போது ஏறக்குறைய நான்கு தடவை கேட்டு முடித்திருக்கும். அதே பதின்மூன்று வருஷம், வருஷத்துக்கு மூன்று நாள் கன்வென்ஷன், ஒன்றுகூடத் தவறவில்லை என்றே வைத்துக்கொள்வோம். முப்பத்தொன்பது இரவுகள். பிரசங்கியார் எவ்வளவு பெரிய வல்லவராக இருந்தாலும் முப்பத்தொன்பது இரவில் லேவியராகமத்தைத் தொடுவாரா? வீட்டில் லேவியராகமமும் வரும், எண்ணாகமமும் வரும். வாயில் நுழையாத பெயர்களைத் திக்கித் திணறி வாசித்தே தமிழ் எழுத்துக்கூட்டப் பழகிய பிள்ளைகள் நம் ஊரில் எத்தனை பேர்!

"மைதானப் பிரசங்கத்தால்தான் உலகம் அசைந்தது, ஜான் வெஸ்லியைப் பாருங்கள்" என்றார் அண்ணாச்சி. பார்த்தேன், நன்றாகவே பார்த்தேன். வெஸ்லி 1739-ல் பிரிஸ்டல் பக்கம் வெட்டவெளியில் பிரசங்கிக்கத் தொடங்கியது உண்மை. ஆயிரக்கணக்கில் ஜனம் வந்ததும் உண்மை. மூன்று வருஷம் கழித்து அதே பிரிஸ்டலில் ஜெபவீட்டுக் கடனை அடைக்க ஆளுக்கு வாரம் ஒரு பென்னி என்று முடிவானது. பன்னிரண்டு பேருக்கு ஒருவர் பொறுப்பு, அவர் வீடு வீடாகப் போய் வாங்கி வர வேண்டும். போனவர்கள் காசோடு செய்தியும் கொண்டுவந்தார்கள். கூட்டத்தில் அழுதவர் வீட்டில் எப்படி இருக்கிறார் என்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது. வெஸ்லி அதைப் பிடித்துக்கொண்டார். கடன் வசூலுக்கு வந்த ஏற்பாடு ஆத்துமாவைக் கவனிக்கிற வகுப்பாக மாறியது. மெதடிஸ்ட் சபையின் முதுகெலும்பே அந்தப் பன்னிரண்டு பேர் வகுப்புதான். அந்த மெதடிஸ்டுகளும் சேர்ந்துதான் 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி நம் தென்னிந்தியத் திருச்சபை உருவானது என்பதை அண்ணாச்சிக்கு நினைவுபடுத்துகிறேன்.

வெஸ்லியின் தாய் சுசன்னா பெற்றது 19 பிள்ளைகள், பிழைத்தது 10. அத்தனை வேலைக்கு நடுவிலும் பிள்ளைக்கு ஒரு மாலை என்று ஒதுக்கி, தனியாக உட்காரவைத்துப் பேசுவார். ஜானுக்கு வியாழக்கிழமை. வளர்ந்து பெரிய படிப்பு படித்த பிறகும் அந்த வியாழக்கிழமைப் பேச்சுக்காக மகன் ஏங்கிக் கடிதம் எழுதினார். மைதானத்தை அசைத்தவரை உருவாக்கியது எது என்று நடுவர் குறித்துக்கொள்ள வேண்டும்.

இப்போது எதிரணி சொன்னதிலேயே கொஞ்சம் வலுவான வாதம்: "குடும்ப ஜெபம் வெறும் சடங்கு, மாமியாரும் மருமகளும் சண்டை போட்டுவிட்டு வந்து முழங்கால்படியிடுகிறார்கள்." ஆமாம் ஐயா, படியிடுகிறார்கள். மாமியார் கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, இந்த வீட்டில் சிலருக்கு நல்ல புத்தியைத் தாரும்" என்பார். அடுத்து மருமகள், "ஆண்டவரே, புத்தி சொல்லுகிறவர்களுக்குப் பொறுமையையும் தாரும்" என்பார். சிரிக்கிறீர்கள், எல்லார் வீட்டிலும் நடக்கிறது போலிருக்கிறது! ஆனால் யோசித்துப் பாருங்கள். எட்டு மணிக்கு அந்த இரண்டு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்தாக வேண்டும். உட்கார்ந்து, எங்கள் குற்றங்களை மன்னியும் என்று ஒரே குரலில் கேட்டாக வேண்டும். இன்றைக்கு வாய் மட்டும் சொல்லும். நாளைக்கும் வாய் மட்டும் சொல்லும். என்றாவது ஒரு நாள் மனசு உறுத்தும். அந்த உறுத்தலுக்குத்தான் வளர்ச்சி என்று பேர்.

என் வாதத்தின் மையமே இதுதான், நடுவர் அவர்களே. கன்வென்ஷன் மைதானத்தில் என் பக்கத்தில் நிற்பவருக்கு என்னைத் தெரியாது. அங்கே நான் அழலாம், கையை உயர்த்தலாம், பரிசுத்தவாட்டியாகவே வீடு திரும்பலாம். வீட்டில் முடியாது. சாயங்காலம் ஆறு மணிக்கு நான் யாரைத் திட்டினேன் என்று என் பிள்ளைக்குத் தெரியும். எட்டு மணிக்கு நான் அன்பைப் பற்றி ஜெபித்தால் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கும். நம்மை முழுசாக அறிந்தவர்கள் முன்னால் நாள்தோறும் கடவுளிடம் பேசுவது கஷ்டம். அந்தக் கஷ்டம்தான் நம்மைத் திருத்துகிறது.

அண்ணாச்சி, கன்வென்ஷன் ஒரு பெருமழை என்றீர்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மழைத்தண்ணீரைப் பிடித்துவைக்க ஊருக்குக் குளம் வேண்டும், குளத்துக்குக் கரை வேண்டும். கரை இல்லாத ஊரில் எவ்வளவு பெய்தாலும் கடலுக்குத்தான் போகும்.

"வீட்டில் ஒருவர் மட்டும் விசுவாசி என்றால் அவர் என்ன செய்வார்?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. கணவரை இழந்து, சொந்த சாதியாரால் ஒதுக்கப்பட்டு, 1778-ல் ஞானஸ்நானம் பெற்ற குளோரிந்தா அம்மையாரைப் பாளையங்கோட்டை மறக்காது. 1780-ல் அங்கே எழுதப்பட்ட சபைப் பதிவேட்டில் முதல் பெயர் அவருடையது. சபை மொத்தமும் 40 பேர், நம் தெருவில் ஐந்தாறு வீட்டு ஜனம். திருநெல்வேலிச் சபையின் வேர் அந்த 40 பேர். தனியாக இருக்கிறவருக்கு அடுத்த வீட்டின் பாயில் இடம் கொடுப்பதும் குடும்ப ஜெபம்தான். கத்தோலிக்க அன்பர்கள் அக்கம்பக்கத்து வீடுகளைச் சேர்த்து அன்பியம் என்று நடத்துகிறார்களே, அதுவும் எங்கள் கட்சிதான்.

எட்டு மணிக்கு சீரியல் இருக்கிறது, பையனுக்கு டியூஷன் இருக்கிறது, மகன் துபாயில் இருக்கிறான் என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நேரம் எட்டாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. துபாய் மகன் வீடியோ காலில் வரட்டும். ஒரு பாட்டு, ஒரு அதிகாரம், ஆளுக்கு ஒரு சின்ன ஜெபம், பதினைந்து நிமிஷம் போதும். தாத்தாமார்களுக்கு மட்டும் ஒரு விண்ணப்பம்: உங்கள் ஜெபம் திண்ணையில் புறப்பட்டு, சேகரம், திருமண்டலம், வடநாட்டு மிஷன் களம் எல்லாம் சுற்றிவிட்டு வருவதற்குள் சோறு ஆறிவிடுகிறது. களத்துக்கு ஒரு நாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே நடுவர் அவர்களே, கன்வென்ஷன் நம்மைக் கூப்பிடுகிறது, குடும்ப ஜெபம்தான் வளர்க்கிறது. விசுவாசத்தில் நம்மைப் பெரிதும் வளர்ப்பது குடும்ப ஜெபமே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தீர்ப்பு எப்படி வந்தாலும், சபை மக்களே, இன்று ராத்திரி வீட்டுக்குப் போனதும் பாயை விரியுங்கள்.