புஷ்பக விமானமும் ஆகாய விமான யந்திரமும்

(திருவரங்குளம் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சாரம்)



ஆகாய விமான யந்திரத்தின் சரித்திரத்தைப் பற்றிப் பேசும்படி நம்மைக் கேட்டிருக்கிறார்கள். நாம் அந்த வித்தையில் பட்டம் பெற்றவரல்ல. கிடைத்த புத்தகங்களைப் படித்தும், பட்டறைக்காரர்களைக் கேட்டும் தெரிந்துகொண்டதைத்தான் சொல்லப்போகிறோம். ஆகையால் நாம் சொல்லுவதை அப்படியே நம்பிவிடாமல், உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொள்ளக் கோருகிறோம்.

விமானம் என்ற பேச்சை எடுத்தவுடனே, "இராவணன் காலத்திலேயே புஷ்பக விமானம் பறந்ததே" என்று சொல்ல நம் நாட்டில் ஒருவர் தயாராயிருப்பார். இது வெறும் திண்ணைப் பேச்சென்று எண்ணிவிடாதீர்கள். 2015-ம் வருஷம் ஜனவரியில் மும்பையில் கூடிய இந்திய விஞ்ஞான மகாநாட்டிலேயே, வேத காலத்தில் விமானங்கள் பறந்தன என்று ஒரு கட்டுரை வாசிக்கப்பட்டது. அதற்கு ஆதாரம் "வைமானிக சாஸ்திரம்" என்னும் புத்தகம். பரத்வாஜ முனிவர் அருளியதாகச் சொல்லப்படும் இந்தப் புத்தகம், உண்மையில் 1918-க்கும் 1923-க்கும் நடுவே சுப்பராய சாஸ்திரி என்பவர் வாயால் சொல்ல எழுதப்பட்டதாகும். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த ஐந்து ஆராய்ச்சியாளர்கள் 1974-லேயே இதைப் பரிசீலித்து, இது பழைய நூலல்ல, இதில் வரைந்துள்ள விமானங்கள் பறக்கவும் மாட்டா என்று காரணங்களோடு காட்டிவிட்டார்கள். அப்படியிருந்தும் 41 வருஷம் கழித்து அதே சரக்கு விஞ்ஞான மேடை ஏறிற்றென்றால், படித்தவர்களின் யோக்கியதையை என்னென்று சொல்லுவது?

வாதத்துக்காகப் புஷ்பக விமானம் பறந்தது என்றே வைத்துக்கொள்ளுவோம். அதன் யந்திரம் எங்கே? எந்த உலோகத்தில் செய்தார்கள்? எந்த உலையில் வார்த்தார்கள்? முதலில் எத்தனை தடவை உடைந்தது? இந்தக் கேள்விகளுக்கு எந்தப் புராணமாவது பதில் சொல்லுகிறதா? மனிதன் செய்த விமானத்துக்கோ இத்தனைக்கும் பதில் இருக்கிறது. அதைச் சற்றுக் கேளுங்கள்.

பறப்பதற்கு இறக்கை மாத்திரம் போதாது. கனம் குறைந்து பலம் மிகுந்த யந்திரம் வேண்டும். முதலில் நீராவி யந்திரத்தை வைத்துப் பார்த்தார்கள். 1890-ல் பிரான்சு தேசத்தில் ஆடர் என்பவர் நீராவி விமானத்தில் தரையை விட்டுச் சற்றே எழும்பி, சுமார் 50 மீட்டர் தூரம் தாண்டினார். அதற்குமேல் முடியவில்லை. அடுப்பையும் பாய்லரையும் தண்ணீரையும் சுமந்துகொண்டு எவ்வளவு தூரம் பறக்க முடியும்? அதற்குள் ஜெர்மனியில் ஓட்டோ என்பவர் 1876-ல், எரிபொருளைச் சிலிண்டருக்குள்ளேயே எரித்து வேலை வாங்கும் நான்கு அசைவு என்ஜினைச் செய்து காட்டியிருந்தார். இன்று உங்கள் மோட்டார் சைக்கிளில் ஓடுவது அந்த முறைதான்.

அமெரிக்காவில் ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடைக்காரர்கள். தங்களுக்குத் தகுந்த என்ஜின் எந்தக் கம்பெனியிலும் கிடைக்காமற் போகவே, தங்கள் கடை வேலையாள் சார்லி டெய்லரைக் கொண்டே ஆறு வாரத்தில் ஒன்று செய்தார்கள். கனத்தைக் குறைக்க உடம்பை அலுமினியத்தில் வார்த்தார்கள். 1903 பிப்ரவரியில் ஓட்டிப் பார்க்கும்போது அது உடைந்தது. மறுபடியும் வார்த்தார்கள். சுமார் 12 குதிரை சக்தியுள்ள அந்த என்ஜின்தான் அதே வருஷம் டிசம்பர் 17-ல் மனிதனை 12 விநாடி ஆகாயத்தில் கொண்டுபோயிற்று. மந்திரம் எதுவும் ஓதப்படவில்லை, தோழர்களே!

அதற்குப் பிறகு வளர்ச்சிக்குக் கேட்பானேன்? இரண்டாவது உலக யுத்தத்தில் ஒரே என்ஜின் ஆயிரம் குதிரை சக்திக்கு மேல் கொடுத்தது. ஆனால் வேகம் ஏற ஏற, முன்னால் சுழலும் விசிறியால் பயன் குறைந்தது. இங்கிலாந்தில் விட்டில் என்னும் வாலிபர் 1930-லேயே ஜெட் என்ஜினுக்குப் பேடண்ட் விண்ணப்பம் கொடுத்தார். சர்க்கார் அக்கறை காட்டவில்லை. 1935-ல் அதைப் புதுப்பிக்க 5 பவுன் கட்டமுடியாமல் உரிமை போய்விட்டது. அவரோ விடாமல் உழைத்து 1937-ல் என்ஜினை ஓட்டிக் காட்டினார். அவரைப் போலவே தனியாக உழைத்த ஜெர்மானியர் ஓகைன் என்பவரது என்ஜினைக் கொண்டு, 1939 ஆகஸ்டு 27-ல் முதல் ஜெட் விமானம் பறந்தது.

ஜெட் என்பது என்ன? காற்றை இழுத்து, அழுத்தி, எண்ணெயோடு எரித்து, அந்த அனலைப் பின்பக்கம் பீச்சினால் விமானம் முன்பக்கம் தள்ளப்படுகிறது. வெளியேறும் வழியில் அந்த அனல், பனையோலைக் காற்றாடி போன்ற ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அந்தச் சக்கரம்தான் முன்னாலிருந்து காற்றை இழுத்து அழுத்துவதற்குப் பலம் கொடுக்கிறது. கஷ்டமெல்லாம் அந்தக் காற்றாடியில்தான். இன்றைய என்ஜின்களில் அதன் இதழ் எந்த உலோகமோ, அந்த உலோகம் உருகும் சூட்டைவிட அதிகச் சூடுள்ள அனலில் அது சுழலவேண்டும். நிக்கல் கலவையில் ஒரே படிகமாக வார்த்து, உள்ளே நுண்ணிய துளைகள் விட்டுக் காற்றால் குளிரச் செய்கிறார்கள். இந்த வித்தை கைவந்த நாடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

நமது நாட்டின் நிலைமை என்ன? பெங்களூரில் கட்டிய போர் விமானம் 1961 ஜூன் 17-ல் பறந்தது. வாயு தேவன் பெயரால் "மாருத்" என்று பெயரும் வைத்தார்கள். ஆனால் போதிய பலமுள்ள என்ஜின் கிடைக்காததால், எண்ணிய வேகத்தை அது அடையவேயில்லை. தேவன் பெயர் என்ஜினுக்கு ஈடாகுமா? பின்னர் 1989-ல் "காவேரி" என்ஜினைச் செய்யத் தொடங்கினார்கள். அது போதிய பலம் தராததால் 2008-ல் தேஜஸ் விமானத்திலிருந்து பிரிக்கப்பட்டது. தேஜஸ் அமெரிக்க என்ஜினில்தான் பறக்கிறது. காவேரிக்காரர்களை நாம் பரிகசிக்கவில்லை. சோதித்துத் தவறியவனுக்கு எது தவறிற்று என்பதாவது தெரியும். புஷ்பகக்காரனுக்கு அதுவும் தெரியாது.

இந்தத் திருவரங்குளத்திலே பொன் பனம்பழம் காய்த்த கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். பக்கத்துப் பொற்பனைக்கோட்டையில் மண்ணைத் தோண்டினார்களே, பொன் பனம்பழமா கிடைத்தது? செங்கல் கட்டடமும் பானையோடும் கிடைத்தன. இரும்பு உருக்கிய தடயங்களும் அங்கே உண்டு. நம் பாட்டன் உலையூதி இரும்பு உருக்கியவன். ஆகாய யந்திரத்துக்கு மூதாதை அந்த உலையா, புஷ்பகமா? ஆனால் சுலோகம் சொன்னவனை மேலே வைத்து, கையால் வேலை செய்தவனைக் கீழே வைத்து, அவன் பிள்ளைக்குப் படிப்பையும் மறுத்த நாட்டில் என்ஜின் எப்படிப் பிறக்கும்?

ஆகவே தோழர்களே! உங்கள் பிள்ளைகளைப் படிக்க வையுங்கள். பெண்பிள்ளைகளையும் பட்டறைக்கும் கடைசல் யந்திரத்துக்கும் அனுப்புங்கள். எவனாவது பழம்பெருமை பேசினால், "யந்திரத்தைக் காட்டு, ஓட்டிக் காட்டு" என்று கேட்கக் கற்றுக்கொடுங்கள். அந்தக் கேள்வி ஊருக்கு ஊர் பிறக்குமானால், அடுத்த என்ஜினுக்கு நாம் பிறர் வாசலில் நிற்க வேண்டியதில்லை என்று சொல்லி முடித்துக்கொள்ளுகிறோம்.