பள்ளிக்கூடத்தின் பொறுப்பா? பூர்வ ஜன்மத்தின் பொறுப்பா?

(தாம்பரத்தில் பெற்றோர்களும் உபாத்தியாயர்களும் கூடிய கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நம்மைப் பேசும்படி கேட்டுக்கொண்ட விஷயம், உறுப்புக் குறையுள்ள ஒரு பிள்ளையை மற்றப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பரிகாசம் செய்தும், அடித்தும், ஒதுக்கி வைத்தும் துன்பப்படுத்தினால் அதற்கு யார் ஜவாப்தாரி என்பதாகும். கோவிலைப் பற்றியும் ஜாதியைப் பற்றியும் பேசுகிறவர்களுக்குப் பிள்ளைகள் சண்டையில் என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். சற்றுப் பொறுமையாய்க் கேட்டீர்களேயானால், கோவிலுக்கும் ஜாதிக்கும் எங்கே வேர் ஊன்றியிருக்கிறதோ அங்கேதான் இந்தச் சண்டைக்கும் வேர் ஊன்றியிருக்கிறது என்பது உங்களுக்கே விளங்கும்.

முதலில் நடப்பதைச் சொல்லுகிறோம். காலைச் சாய்த்து நடக்கிற பையன் போனால் அவன் பின்னால் நாலு பேர் அதேபோல் சாய்ந்து நடந்து காட்டுகிறார்கள். காது கேட்கும் கருவியைப் பிடுங்கி ஒருவருக்கொருவர் எறிந்து விளையாடுகிறார்கள். திக்கிப் பேசுகிற பெண் எழுந்து பாடம் படித்தால் வகுப்பே சிரிக்கிறது. சில இடங்களில் உபாத்தியாயரும் கூடச் சேர்ந்து சிரிக்கிறார். பாடம் சற்று மெதுவாக ஏறுகிற பிள்ளைக்கு 'லூசு' என்பதே பெயராகி, தாய் தகப்பன் வைத்த பெயர் ஹாஜர் எடுக்கும் போது மாத்திரம் கேட்கிற பெயராகி விடுகிறது. கைப்பேசி வந்த பிறகு இவ்வளவையும் படம் பிடித்து ஊருக்கே அனுப்பவும் வசதி ஏற்பட்டு விட்டது.

இதைத் தகப்பனாரோ தாயாரோ போய்ச் சொன்னால் பள்ளிக்கூடத்தில் கிடைக்கும் பதில் என்ன? "பிள்ளைகள் என்றால் அப்படித்தான் விளையாடும்" என்பது ஒன்று. "நாங்கள் யாரும் பார்க்கவில்லையே" என்பது மற்றொன்று. மூன்றாவது பதில்தான் மிகவும் அருமையானது. "உங்கள் பிள்ளைக்கு இந்த இடம் ஒத்து வராது; தனிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து விட்டால் உங்களுக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி" என்பார்கள். அதாவது திருடியவன் வீட்டிலேயே இருக்கலாம், பறிகொடுத்தவன் ஊரை விட்டுப் போக வேண்டும் என்பது இவர்கள் நியாயம்! அடிக்கிற பிள்ளைகளின் எண்ணிக்கை நாற்பது, அடிபடுகிற பிள்ளை ஒன்று. நாற்பது சம்பளமா, ஒரு சம்பளமா என்று கணக்குப் பார்ப்பதைத் தவிர இதில் வேறு தர்மம் ஒன்றும் நமக்குத் தெரியவில்லை.

இந்தத் தாம்பரத்துக்காரர்களுக்கு ஒரு சங்கதி நினைவிருக்கும். 2012-ம் வருஷம் ஜூலை மாதம் முடிச்சூரில் பள்ளிக்கூட பஸ்ஸின் தரையிலிருந்த ஓட்டை வழியாக 2-ம் வகுப்புக் குழந்தை ஒன்று கீழே விழுந்து அந்த பஸ்ஸின் சக்கரத்திலேயே மாண்டது. ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள். ஹைகோர்ட்டார் யாரும் பிராது கொடுக்கும் வரை காத்திராமல் தாங்களாகவே விசாரித்தார்கள். அதே வருஷத்தில் பள்ளிக்கூட பஸ்களுக்கென்று சர்க்கார் தனி விதிகளும் போட்டார்கள். அப்போது யாராவது "குழந்தை ஏன் அந்த இடத்தில் உட்கார்ந்தது?" என்று கேட்டார்களா? "ஓட்டையை நாங்கள் பார்க்கவில்லை" என்ற சமாதானத்தை எந்தத் தாயாராவது ஒப்புக்கொண்டார்களா? பிள்ளையை ஏற்றிக்கொண்டவன் ஓட்டையைப் பார்த்து அடைத்திருக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பஸ்ஸின் தரைக்கு ஒரு நியாயம், வகுப்பறையின் தரைக்கு ஒரு நியாயமா என்று கேட்கிறோம். தினமும் ஒரு பிள்ளை வகுப்பில் விழுந்து நசுங்குகிறது. ரத்தம் வெளியில் தெரியாததினால் அது விளையாட்டாகி விடுமா?

சரி, பஸ்ஸில் தெரிகிற பொறுப்பு வகுப்பறையில் ஏன் தெரிவதில்லை? அங்கேதான் நம் மதம் வந்து நிற்கிறது. குறையுள்ள பிள்ளை படுகிற துன்பம் அது கொண்டு வந்த வினை என்ற எண்ணம் தலைமை உபாத்தியாயர் மனதிலும் இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் மனதிலும் இருக்கிறது, சில சமயம் பெற்றவள் மனதிலும் இருந்து கொண்டு அவளை ராத்திரியில் அழ வைக்கிறது. 2024-ம் வருஷம் ஆகஸ்டு மாதக் கடைசியில் சென்னை அசோக் நகர் அரசாங்கப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் நடந்ததைப் பாருங்கள். மகாவிஷ்ணு என்கிற ஒரு 'ஆன்மீக'ப் பிரசங்கியைக் கூப்பிட்டு மாணவிகளுக்குப் புத்தி சொல்லச் சொன்னார்கள். அவர் கையில்லாமலும் காலில்லாமலும் கண்ணில்லாமலும் பிறப்பது போன ஜன்மத்துப் பாவத்தின் பயன் என்ற கருத்தை, பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டிய இடத்தில் நின்று கொண்டு சொன்னார். எழுந்து நின்று ஆட்சேபித்தவர் கண்பார்வையற்ற ஒரு தமிழாசிரியர். கண்ணுள்ளவர்களுக்குத் தெரியாத அக்கிரமம் அவருக்குத் தெரிந்தது! அவரோடு அந்தப் பிரசங்கி மாணவிகளின் முன்னிலையிலேயே வாதுக்கு நின்றார்.

பிறகு மந்திரி அன்பில் மகேஷ் பொய்யாமொழி நேரில் வந்து அந்த ஆசிரியரைப் பாராட்டினார். அதே பிரசங்கியை வரவழைத்த சைதாப்பேட்டைப் பள்ளிக்கூடத்தையும் சேர்த்து இரண்டு தலைமையாசிரியர்கள் வேறு ஊருக்கு மாற்றப்பட்டார்கள். செப்டம்பர் 7-ந் தேதி பிரசங்கி கைது செய்யப்பட்டார். இதெல்லாம் நடந்தது சரிதான். ஆனால் நாம் கேட்பது வேறு. அந்தக் கூட்டத்தில் காலில் குறையுள்ள ஒரு மாணவி உட்கார்ந்திருந்தால், அவளைப் பார்த்து மறுநாள் பக்கத்துப் பெண், "நீ போன ஜன்மத்தில் என்ன பாவம் செய்தாய்?" என்று கேட்டால், அந்தப் பக்கத்துப் பெண்ணையா தண்டிப்பது? பள்ளிக்கூடமே மேடை போட்டுக் கற்றுக் கொடுத்த பாடத்தையல்லவா அவள் ஒப்புவிக்கிறாள்?

இதே அசோக் நகருக்கு அடுத்த தியாகராய நகரில்தான் 1973-ம் வருஷம் டிசம்பர் 19-ந் தேதி பெரியார் தமது கடைசிப் பிரசங்கத்தைச் செய்தார். சிறுநீர் போகக் குழாய் வைத்துக் கொண்டு, பிறர் தாங்கிப் பிடிக்க, வலி பொறுக்காமல் நடுவில் கத்திக் கத்திப் பேசினார். ஐந்து நாள் கழித்து இறந்தார். அவருடைய அந்த உடம்பைப் பார்த்துச் சிரிக்க அன்றைக்கு எவனுக்காவது துணிச்சல் வந்ததா? மரியாதை என்பது உறுப்புகளை எண்ணிப் பார்த்துக் கொடுப்பதல்ல என்பது நமக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததைப் பிள்ளை விஷயத்தில் மறந்து விடுகிறோம்.

பாவக் கணக்கைச் சற்றுப் பார்ப்போம். மனுதர்ம சாஸ்திரம் 11-ம் அத்தியாயத்தில் இதற்கு ஒரு பட்டியலே இருக்கிறது. விளக்கைத் திருடினவன் குருடனாய்ப் பிறப்பானாம். குதிரையைத் திருடினவன் நொண்டியாய்ப் பிறப்பானாம். வேதத்தைத் திருடினவன் ஊமையாம். இந்த நாட்டில் நடக்க முடியாதவர்கள் இத்தனை பேர் இருக்கிறார்களே, அத்தனை பேருக்கும் திருடுவதற்குப் போதுமான குதிரைகள் எந்தக் காலத்தில் இங்கு இருந்தன? வேதத்தைக் காதால் கேட்கவே கூடாது என்று தடுக்கப்பட்ட ஜாதியில் ஊமைப் பிள்ளை பிறக்கிறதே, அவன் வேதத்தை எந்தப் பெட்டியிலிருந்து திருடினான்? இதோடும் விடவில்லை. 9-ம் அத்தியாயத்தில் குருடனுக்கும் செவிடனுக்கும் ஊமைக்கும் தகப்பன் சொத்தில் பங்கில்லை என்று எழுதி வைத்தார்கள். அந்தக் கொடுமையைப் பெரும்பாலும் நீக்க 1928-ல் ஒரு சட்டமும், மிச்சத்தை நீக்க 1956-ல் இந்து வாரிசுச் சட்டமும் வர வேண்டியிருந்தது. சாமி செய்யவில்லை, சட்டசபை செய்தது.

இன்னொரு கணக்கு. போலியோ என்னும் இளம்பிள்ளை வாதத்தால் இந்தியாவில் முன்பெல்லாம் வருஷந்தோறும் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கால் சூம்பிப் போனார்கள். இதையும் கர்மம் என்றுதான் சொன்னார்கள். சொட்டு மருந்து கொடுத்தார்கள். 2011-ம் வருஷம் ஜனவரியில் கண்ட ஒரு குழந்தையோடு அந்தக் காட்டு விஷக்கிருமியின் ஆட்டம் இந்த நாட்டில் ஒழிந்தது. 2014 மார்ச்சில் உலக சுகாதார ஸ்தாபனத்தார் அத்தாட்சியும் கொடுத்தார்கள். அப்படியானால் 2011-க்குப் பிறகு பாவம் செய்த ஆத்மாக்கள் இந்தியாவில் பிறப்பதையே நிறுத்திக் கொண்டனவா? அல்லது இரண்டு சொட்டு மருந்துக்கு முன் நிற்க முடியாத அவ்வளவு சின்ன விஷயமா உங்கள் கர்மம்? கர்ப்பிணிக்கு வந்த ஜுரம், பிரசவத்தில் மூச்சுத் திணறல், அக்காள் மகளையே கட்டிக் கொள்ளுகிற வழக்கம் ஆகிய காரணங்களை டாக்டர்கள் சொல்லுகிறார்கள். எந்தக் காரணமானாலும் பிள்ளை செய்த குற்றம் அதில் ஒன்றுமில்லை.

பிள்ளைகள் இந்தக் கேலியைத் தாங்களாகக் கண்டுபிடித்ததாகவும் நினைக்காதீர்கள். கூனியின் முதுகுக் கூனைப் பார்த்து உண்டை வில்லால் அடித்து விளையாடிய ராமனைத்தானே கம்பன் பாட்டில் தெய்வம் என்று படிக்கிறோம்? அடித்தவன் அவதாரம், அடிபட்டதை நினைவு வைத்துக் கொண்டவள் துஷ்டை! இதைப் பாடம் சொல்லுகிற உபாத்தியாயர்களில் எத்தனை பேர், "அந்தப் பையன் செய்தது தப்பு, அவனை யாராவது கண்டித்திருந்தால் கதையே வேறு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்கள்? சினிமாவிலும் திக்குவாயனும் மாறுகண்காரனும் வந்தால் சிரிக்க வேண்டுமென்று தாளம் போட்டுக் காட்டுகிறார்கள். கடற்கரையிலிருந்து தாம்பரம் வருகிற மின்சார ரயிலில் கண் தெரியாத தோழர்கள் பேனாவும் கடலை மிட்டாயும் விற்றுக் கொண்டு வருகிறார்கள். வியாபாரம் செய்கிறவரிடம் சாமானை வாங்கிக் கொண்டு காசு கொடுப்பதை விட்டு, சாமானும் வேண்டாம் என்று தலையில் கட்டுகிற மாதிரி ஒரு நாணயத்தை வைத்து, "பாவம்" என்கிறோம். பக்கத்தில் நம் பிள்ளை உட்கார்ந்து பார்த்துக் கொண்டிருக்கிறது. அந்தப் 'பாவம்' என்கிற சொல்லே எங்கிருந்து வந்தது பார்த்தீர்களா?

இரக்கப்படுகிறவர்களுக்குச் சொல்லுகிறோம், இனி இது இரக்க விஷயமல்ல. 2016-ம் வருஷத்திய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரலில் அமுலுக்கு வந்து விட்டது. பழைய 1995-ம் வருஷச் சட்டத்தில் 7 வகைக் குறைகள்தான் இருந்தன, இப்போது 21. சர்க்கார் பணமோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிக்கூடம் குறையுள்ள பிள்ளையை வித்தியாசமின்றிச் சேர்த்து, மற்றப் பிள்ளைகளோடு வைத்துப் படிப்பும் விளையாட்டும் கொடுத்து, வேண்டிய உதவியும் செய்து தர வேண்டுமென்று அதன் 16-வது பிரிவு சொல்லுகிறது. பலர் பார்க்க வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் 92-வது பிரிவின்படி 6 மாதம் முதல் 5 வருஷம் வரை சிறை. ஒரு பிள்ளையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் வேண்டுமென்றே அசட்டை செய்து அதற்குத் துன்பம் வர விட்டால், 2015-ம் வருஷத்திய சிறுவர் நீதிச் சட்டத்தின் 75-வது பிரிவு அவரைப் பிடிக்கும். "பார்க்கவில்லை" என்கிற தலைமை உபாத்தியாயர்கள் இந்த 75-ஐ ஒரு தரம் படித்துப் பார்ப்பது நல்லது.

ஆனால் அடித்த பிள்ளையை ஜெயிலுக்கு அனுப்ப நாம் வரவில்லை. அதுவும் பிள்ளைதான். அதன் பெயரை அடித்து வெளியே துரத்தினால் அது அடுத்த பள்ளிக்கூடத்தில் இதையே செய்யும். இருவரையும் கூப்பிட்டுக் கை குலுக்கச் சொல்லி, "போய் விளையாடுங்கள்" என்பதும் வேலையைத் தட்டிக் கழிப்பதே. துன்பப்பட்ட பிள்ளையைத் தனியே வைத்து, அவசரப்படாமல் விசாரிக்க வேண்டும். பேச முடியாத பிள்ளையானால் அதன் ஜாடை தெரிந்தவரை வைத்துக் கொண்டு விசாரிக்க வேண்டும். நடந்ததைத் தேதியோடு எழுதி வைக்க வேண்டும். இடைவேளையிலும், கக்கூஸ் பக்கத்திலும், பஸ்ஸிலும் ஒரு பெரியவர் இருக்க வேண்டும். இடம் மாற்றுவதென்றால் அடித்தவனை மாற்ற வேண்டும். உபாத்தியாயருக்கு இவ்விதப் பிள்ளைகளை நடத்தத் தெரியவில்லையென்றால் கற்றுக்கொள்ள இடமில்லாமலில்லை. 1985-ல் தொடங்கிய வித்யாசாகர் கோட்டூர்புரத்தில் இருக்கிறது; முட்டுக்காட்டில் மத்திய சர்க்காரின் பல்வகைக் குறையுடையோருக்கான நிறுவனம் இருக்கிறது. தாம்பரத்திலிருந்து எதுவும் காசி, ராமேஸ்வரம் தூரமல்ல.

புகார் செய்த பிள்ளையைக் காப்பாற்றுவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஜாதியின் பேரால் துன்பப்படுத்தப்பட்ட ஒரு மாணவன் பள்ளிக்கூடத்தில் விஷயத்தைச் சொன்னான். சொன்ன பிறகு, கூடப் படித்தவர்களே வீடு புகுந்து அவனையும் அவன் தங்கையையும் வெட்டினார்கள். அதன் பிறகு சர்க்கார் நியமித்த நீதிபதி சந்துரு 2024 ஜூனில் பெரிய அறிக்கை ஒன்று கொடுத்தார். ஜாதிக்காக வெட்டுவதும் காலுக்காகச் சிரிப்பதும் ஒன்றா என்று கேட்காதீர்கள். பிறப்பைக் காட்டி ஒருவனைக் கீழே வைப்பதுதான் இரண்டும். ஒன்றில் அரிவாள் வெளியே வந்தது, மற்றொன்றில் இன்னும் உறைக்குள் இருக்கிறது.

தாய்மார்களே! உங்கள் பிள்ளை அழுது கொண்டு வந்தால், "நீ ஒதுங்கிப் போ" என்று சொல்லாதீர்கள். வாயால் சொல்லிவிட்டு வராமல் எழுதிக் கொடுத்து, வாங்கிக் கொண்டதற்குக் கையெழுத்துக் கேளுங்கள். அவர்கள் அசையாவிட்டால் 14417 என்று பள்ளிக் கல்வி இலாகாவுக்கும், 1098 என்று குழந்தைகள் உதவிக்கும் எண்கள் இருக்கின்றன, கூப்பிடுங்கள். தனியாய்ப் போகத் தயக்கமாயிருந்தால் நம்மவர்களில் யாரையாவது அழைத்துக் கொண்டு போங்கள்; உங்களுடன் வர இங்குள்ள தோழர்கள் தயாராயிருக்கிறார்கள். உபாத்தியாயத் தோழர்கள் சிலர் ஏதோ கேட்க வேண்டுமென்று சீட்டு அனுப்பியிருக்கிறபடியால், நாம் இத்துடன் நிறுத்திக் கொண்டு அவர்களுக்கு இடம் கொடுக்கிறோம்.