கோழிக்கு மூச்சு இழுக்குது – யார் வந்து பார்ப்பது?
(அம்பத்தூர் ஆர்ப்பாட்டத்தில் சங்கச் செயலாளர் பேசியது)



அம்பத்தூரில் நின்றுகொண்டு கோழியைப் பற்றிப் பேசினால் சிரிக்கிறார்கள். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த ஊர் இது. 1964-இல் தொழிற்பேட்டை வந்தது, 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்த்தார்கள். அதனால் இங்கே ஆடு மாடு கோழியே கிடையாது என்று நினைத்துவிட்டார்கள் போல. ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர், பூந்தமல்லிப் பக்கம் வந்து பாருங்கள். கொல்லையில் நாட்டுக்கோழி, குட்டையில் வாத்து, மொட்டை மாடியில் புறா. நம்ம பொம்பளைங்க கையில் நாலு காசு புரளுவது அதில்தான்.

என் கதையையே சொல்றேன். போன வருஷம் நாற்பது நாட்டுக்கோழி வைத்திருந்தேன். ஒரு நாள் காலையில் இரண்டு கோழி வாயைத் திறந்து மூச்சு வாங்கியது, 'கொர் கொர்' என்று சத்தம். மருந்துக் கடையில் கேட்டேன். "சளிதான், இந்தப் பவுடரைத் தண்ணியில கலக்கிக் குடுங்க" என்றார்கள். மூன்று நாள் கொடுத்தேன். நாலாம் நாள் பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், கழுத்து திருகிக்கொண்டது. நாற்பதில் முப்பத்தொன்று போச்சு. வந்தது ராணிக்கெட், நம்ம பாஷையில் வெள்ளைக்கழிச்சல். வைரஸ் நோய்க்கு ஆன்டிபயாடிக் கொடுத்து என்ன ஆகும்? மருந்துக் காசும் போச்சு, கோழியும் போச்சு. தடுப்பூசி போடாமல் விட்டது என் தப்பு, ஒத்துக்கறேன். வருஷா வருஷம் பிப்ரவரியில் அரசு இலவசமாகப் போடுகிறது, அதை விடாதீர்கள்.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. மூச்சு இழுத்தால் எல்லாம் ராணிக்கெட் இல்லை. சி.ஆர்.டி. என்கிற நாள்பட்ட சளி இருக்கிறது. முகம் வீங்கி மூக்கில் நாற்றம் அடிக்கிற கொரைசா இருக்கிறது. கிளாமிடியா என்று ஒரு கிருமி இருக்கிறது. வாத்து, வான்கோழி, புறா, கிளி இவற்றில்தான் அதிகம், கோழிக்குக் குறைவு. கண்ணில் நீர் வடியும், தும்மும், மஞ்சள் பச்சையாகக் கழியும், தீனி எடுக்காது. சில பறவை ஒன்றுமே காட்டாமல் கிருமியை மட்டும் வெளியே விட்டுக்கொண்டிருக்கும். இதற்குத் தடுப்பூசி கிடையாது. டெட்ராசைக்ளின் வகை மருந்து கேட்கும், ஆனால் டாக்டர் சொல்கிற நாள் முழுக்கக் கொடுக்கணும், முட்டையையும் அவர் சொல்லும் வரை விற்கக்கூடாது.

இந்த நாலையும் கண்ணால் பார்த்துப் பிரிக்க நம்மால் முடியாது. டாக்டருக்கே சோதனை இல்லாமல் உறுதியாகச் சொல்வது கஷ்டம்.

கிளாமிடியா நம்மையும் பிடிக்கும். காய்ந்த எச்சம், இறகுத் தூசி மூச்சில் போனால் போதும். ஒன்று இரண்டு வாரத்தில் ஜுரம், தலைவலி, வறட்டு இருமல், முற்றினால் நிமோனியா. 2024-இல் ஐரோப்பாவில் ஐந்து நாடுகளில் இந்த நோய் கூடி, ஐந்து பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனமே சொன்னது. நன்றாக வேகவைத்த கறி முட்டையால் வராது, அந்தப் பயம் வேண்டாம். 2006-இல் மகாராஷ்டிரா நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் வந்ததற்கு, நாமக்கல்லில் கோழி விலை படுத்த கதை தெரியுமே. வீண் பீதியால் செத்ததும் விவசாயிதான்.

எங்க அண்ணிதான் வீட்டில் வாத்துக் கொட்டகை கூட்டுவாங்க. மூன்று வாரம் ஜுரமும் இருமலும். இரண்டு இடத்தில் காட்டினோம். ஊசி, மாத்திரை, எக்ஸ்ரே எல்லாம் ஆச்சு. "வீட்டுல கோழி, வாத்து இருக்கா?" என்று ஒருத்தர் கேட்கவில்லை. எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை. அது இந்த நோய்தானா என்று இன்றைக்கும் தெரியாது, சோதித்தால்தானே தெரியும். அடையாளம் கண்டால் டாக்ஸிசைக்ளின் கொடுத்து குணப்படுத்தலாம், வழக்கமாகக் கொடுக்கிற அமாக்ஸிசிலின் இதற்குக் கேட்காது.

இப்போ சட்டத்துக்கு வருவோம். 2009-இல் மத்திய அரசு கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம் கொண்டுவந்தது. அதன் பட்டியலில் ராணிக்கெட்டும் இருக்கிறது, பறவைகளின் கிளாமிடியாவும் இருக்கிறது. சந்தேகம் வந்தால் வளர்ப்பவன் கிராம அலுவலரிடமோ ஊராட்சியிலோ சொல்லியே ஆகணும். சரி, சொல்கிறோம். சொன்ன பிறகு? மாதிரி எடுக்க எந்த நாளில் ஆள் வரும்? முடிவு நம்ம கைக்கு எப்போ வரும்? கடமை மட்டும் நமக்கு, பதில் யாருக்கும் இல்லையா?

ஆய்வுக்கூடம் இல்லாத ஊரா இது? பக்கத்தில் மாதவரத்தில் கால்நடைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ராணிப்பேட்டையில் தடுப்பு மருந்து செய்கிற அரசு நிலையம் 1932-லிருந்து இருக்கிறது. இருக்கிறது என்றால் போதுமா, பத்து கோழி வைத்திருக்கிற பாட்டி செத்த கோழியைப் பையில் போட்டு இரண்டு பஸ் மாறியா போவாங்க? உள்ளூர் கால்நடை மருந்தகத்திலேயே மாதிரி எடுத்து அனுப்பணும், முடிவை எழுத்தில் தரணும். பறவைக் காய்ச்சலுக்கு அரசே அழிக்கிற கோழிக்குத்தான் நஷ்டஈடு, அதற்கு முன்னே செத்ததற்கு இல்லை. சிறு விவசாயிக்கு செத்ததற்கும் கொடு என்கிறோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருமலோடு வருகிறவரிடம் கோழி, வாத்து, புறா உண்டா என்று ஒரு வார்த்தை கேட்கச் சொல்கிறோம். இதற்குக் கோடிக்கணக்கில் பணம் வேண்டியதில்லை.

அதுவரைக்கும் நாம செய்ய வேண்டியது: கொட்டகையைக் கூட்டும் முன் தண்ணீர் தெளியுங்கள், மூக்கு வாயில் துணி கட்டுங்கள். செத்ததைக் குப்பையில், ஏரியில் வீசாமல் சுண்ணாம்பு போட்டு ஆழப் புதையுங்கள். மனு நோட்டு மேடைக்கு இடப்பக்கம் இருக்கிறது. கையெழுத்துப் போடும்போது போன வருஷம் எத்தனை கோழி, எந்த மாசம் செத்தது என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். எழுதத் தெரியாதவங்க தம்பிகளிடம் சொல்லுங்கள், எழுதித் தருவாங்க. திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுக்கிறோம், வண்டி காலை ஏழு மணிக்கு.