பழைய மாதிரி எஞ்சினும் புதிய கட்டளையும்

1905இல் கொழும்போடு இணைந்த வடபாதை யாழ்ப்பாணத்தைத் தொட்டுக் காங்கேசன்துறைக்குப் போயிற்று, தீவுப்பக்கம் திரும்பவில்லை. ஆயினும் சரவணையில் ஒரு வீட்டு மேசைமேல் புகைவண்டி ஓடத் தடையேதும் இல்லை.

பிரிட்டனின் ட்ரை-ஆங் நிறுவனம் 1950களில் விற்ற மாதிரி நீராவி எஞ்சினில் நீராவி கிடையாது. சிறு மின்மோட்டாரே உண்டு. தண்டவாளத்தில் 12 வோல்ட் வரை நேர்மின்னோட்டம் செலுத்துவர். அழுத்தம் கூடினால் வேகம் கூடும். ஒரே பாதையில் இரண்டு எஞ்சின்கள் நின்றால், இரண்டுமே புறப்பட்டுவிடும்!

அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில்பாதைச் சங்கம் 1990களில் வகுத்த இலக்கமுறையில் தண்டவாளத்தில் மின்சாரம் எப்போதும் நிற்கும். கட்டளைகளும் அதனோடே செல்லும். ஆசிரியர் இடாப்பு வாசிக்கையில் தன் பெயருக்கு மாத்திரம் எழும் மாணாக்கனைப்போல, எஞ்சினுள் அமைந்த டிகோடர் தன் எண்ணுக்குரிய கட்டளையை மாத்திரம் ஏற்கும்.

பழைய எஞ்சினில் இடர் ஒன்றுண்டு. மோட்டாரின் கரித்தூரிகைகள் இரண்டனுள் ஒன்று உலோகச் சட்டத்தோடு தொட்டிருக்கும். சட்டமோ சக்கரங்களின் வழியே ஒரு தண்டவாளத்தோடு தொடர்புற்றது. அதைப் பிரிக்காமல் டிகோடரைப் பொருத்தினால் அது கணத்தில் கருகிவிடும். தூரிகையை அழுத்தும் கம்பிச்சுருளின் ஒரு கைக்கு மாத்திரமே காப்புறை உண்டு. மறு கைக்கும் உறையிட்டால் போதும். காந்தம் வலுக்குன்றிய மோட்டார் மிகுதியாக மின்னோட்டம் இழுக்கும். ஆதலால் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தி அளந்து, அவ்வளவைத் தாங்கும் டிகோடரையே வாங்கவேண்டும்.

புதிய டிகோடர் 3 என்னும் எண்ணோடு வரும். அவ்வெண்ணை அழைத்தால், எஞ்சின் மெல்ல நகரும்.