ஐந்து மைலுக்குள் ஒரு வீடு



கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் 1917-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்தவர். 2007-இல் திருவனந்தபுரத்தில் கண்மூடியபோது அவர் இந்தியக் குடிமகன், பத்மஸ்ரீ பெற்றவர். இரண்டாம் உலகப் போரின்போது சீனாவில் மருத்துவப் பணி செய்துவிட்டு ஊர் திரும்பும் வழியில், கப்பலுக்காகப் பம்பாயில் தங்க நேர்ந்தது. அங்கே காந்தியடிகளைச் சந்தித்தார். பேக்கர் கழிவுத் துணியில் தாமே தைத்துப் போட்டிருந்த செருப்பைக் காந்தி கவனித்தார், பேச்சு வளர்ந்தது. நல்ல வீடு என்பது ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருட்களால் கட்டப்பட வேண்டும் என்று காந்தி சொன்னதை அந்த மனிதர் சாகும்வரை மறக்கவில்லை.

இந்த இராஜபாளையத்தில் காந்தி கலை மன்றத்துக்குத் தம் சொந்த வீட்டையே எழுதிக் கொடுத்தவர் பூ.ச. குமாரசாமி ராஜா. அவருடைய ஊரில் அந்த ஐந்து மைலைப் பற்றிப் பேசாமல் வேறெங்கே பேசுவது?

1945-இல் தொழுநோய் மருத்துவமனைகளைக் கட்டித் தரத்தான் பேக்கர் இந்தியா வந்தார். டாக்டர் எலிசபெத்தை மணந்து, இமயமலைப் பிதோராகரில் பதினாறு ஆண்டு வாழ்ந்தார். படித்த கட்டடக் கலை அந்த மலையில் உதவவில்லை. கல்லையும் மண்ணையும் வைத்து மலைவாசிகள் கட்டிய வீடுகளே அவருக்குப் பள்ளிக்கூடம் ஆயின.

பிறகு கேரளம். செங்கோட்டை வழியாகத் திருவனந்தபுரம் போகிறவர்கள் தம்பானூரில் அவர் வடிவமைத்த இந்தியன் காபி ஹவுஸைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே மாடிப்படி கிடையாது. நடுவில் உருளையாக ஒரு கட்டு. அதைச் சுற்றிச் சுற்றிச் சாய்தளமாகத் தரை ஏறுகிறது. மேசையும் பெஞ்சும் கட்டடத்தோடு சேர்த்துக் கட்டியவை. செங்கலை விட்டுவிட்டு அடுக்கிய இடைவெளிகள்தான் சன்னல். வெளிச்சமும் காற்றும் அவற்றின் வழியே வருகின்றன. ஒரு காபிக்குக் காசு வைத்திருக்கிற யாரும் ஒரு மேதையின் கட்டடத்துக்குள் உட்காரலாம்!

திருவனந்தபுரத்தின் உள்ளூர் என்ற பகுதியில் இருக்கும் வளர்ச்சி ஆய்வு மையம் அவருடைய பெரிய படைப்பு. மரத்தை வெட்டச் சொல்லவில்லை; சுவரை வளைத்துக் கொண்டுபோனார். அதே கைதான் அந்த நகரின் செங்கல்சூளை என்ற பகுதிக் குடிசைவாசிகளுக்கும் வீடு வரைந்தது. இரண்டுக்கும் ஒரே அக்கறை. அவரிடம் நான் தலைவணங்குவது இதற்காகத்தான்.

கொத்தனார்களே, இனி உங்களுக்கு. செங்கலைப் படுக்க வைக்காமல் நெட்டுக்குத்தாக வைத்து, உள்ளே மூன்று அங்குல வெற்றிடம் விட்டுக் கட்டும் முறைக்கு எலிப்பொறிக் கட்டு என்று பெயர். ஒன்பது அங்குலச் சுவர்தான். ஆனால் செங்கல் ஏறக்குறைய கால் பங்கு மிச்சம். உள்ளே அடைபட்ட காற்று வெயிலைத் தடுக்கிறது. தளத்துக்கும் பேக்கர் ஒரு வழி வைத்திருந்தார். காங்கிரீட் தளத்தின் அடிப்பகுதியில் பாரத்தைத் தாங்குவது கம்பி. அங்கே கம்பிகளுக்கு இடையில் இருக்கும் காங்கிரீட்டில் பெரும்பகுதி வெறும் சுமை. அந்த இடத்தில் பழைய ஓடுகளை வைத்து வார்த்தார். செலவு குறைந்தது, பாரம் குறைந்தது, சூடும் குறைந்தது. சித்திரை வெயிலில் நம் மொட்டைமாடிக்குக் கீழே இரவு படுத்தவர்களுக்கு அந்தச் சூட்டைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

சிமெண்டுக்குப் பேர்போன ஊரில் நின்று இதைச் சொல்கிறேன். பேக்கர் சிமெண்டை ஒதுக்கியவர் அல்லர். வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு போட்டார். வீண் பூச்சைத்தான் விட்டார். ஆனால் நம் பக்கத்தில் பூசாத வீட்டைப் பார்த்தால், கடன் முட்டி வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டான் என்று பேசுகிறார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்துதானே ஏழை வட்டிக்கு வாங்கிப் பூசுகிறான்? ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தைப் பாருங்கள். கல் அடித்தளத்துக்கு மேலே பதினொரு நிலையும் எதனால் எழுந்தன? செங்கல்லும் சுண்ணாம்பும்தான்! பல நூற்றாண்டாக நிற்கிற செங்கல்லை நம் ஒற்றைமாடி வீட்டுக்கு நம்ப மறுக்கிறோம்.

நம் மாநிலத்திலேயே பார்க்க விரும்புகிறவர்கள் சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தட்சிணசித்ராவுக்குப் போங்கள். பேக்கர் வரைந்து கொடுத்ததை அவரிடம் பயின்ற பென்னி குரியாகோஸ் கட்டினார்.

பெரிய அலுவலகம் வைத்துக்கொள்ளாத மனிதர் அவர். பழைய உறை, அழைப்பிதழின் பின்பக்கம் என்று கிடைத்த தாளில் வரைந்தார். வேலை நடக்கும் இடத்திலேயே நின்று, கொத்தனாரோடு பேசி, வரைந்ததைச் சுவர் எழ எழத் திருத்தினார்.

ஆகவே என் கோரிக்கை சிறியது. நம் நகரில் அடுத்து எழும்பும் அங்கன்வாடி ஒன்றையாவது இந்த முறையில் கட்டிப் பார்ப்போம். கூட்டம் முடிந்ததும் பொறியாளர்களும் மேஸ்திரிகளும் மேடைக்கு அருகில் வாருங்கள். இன்றைய செங்கல் விலையைப் போட்டு ஒரு கணக்கு எழுதிவிடலாம்.