மேனேஜருக்கு மார்க் போடுவது எப்படி?

(கீழக்குயில்குடியில் நடைபெற்ற முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



சமணர் மலையைப் பார்த்ததும் பழைய கதையெல்லாம் ஞாபகம் வருது. ஆனால் அதைப் பேச நான் வரவில்லை. நம்ம ஹாக்கி அணி இந்த வருஷம் முதல் சுற்றிலேயே தோத்துப்போச்சு. "மேனேஜரை மாத்துங்கப்பா" என்று சங்கத்தில் பேச்சு அடிபடுகிறது. மாற்றுவதற்கு முன்னால், அவரை எதை வைத்து எடைபோடுவது என்று பார்ப்போம்.

கோல் போடுவது ஆட்டக்காரர். ஆடச் சொல்லிக்கொடுப்பது கோச். ஆளைத் தேடிப் பிடிப்பது, பணத்தைப் பங்கிடுவது, நாளைக்கு யார் ஆடுவார் என்று இன்றைக்கே யோசிப்பது மேனேஜர். 2024-இல் நடந்த ஹாக்கி இந்தியா லீக் ஏலத்தில் ஆடவர் அணி ஒவ்வொன்றுக்கும் 4 கோடி ரூபாய்தான். அதற்குள் 24 பேரை எடுக்கணும். ஹர்மன்பிரீத் சிங் ஒருவருக்கே 78 லட்சம் போனது. மீதிப் பணத்தில் மீதிப் பேரை எப்படிச் சேர்த்தார் என்பதில்தான் மேனேஜரின் சாமர்த்தியம் தெரியும்.

கோப்பையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். 1975-இல் கோலாலம்பூரில் பாகிஸ்தானை 2-1 என்று வென்று உலகக் கோப்பையைக் கொண்டுவந்தோம். அடுத்த வருஷமே மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் 7-ஆம் இடம். அங்கே தரை செயற்கைப் புல். நாம் பழகியதோ மண்ணும் புல்லும். 1980-இல் சென்னைக்காரர் பாஸ்கரன் தலைமையில் மாஸ்கோவில் தங்கம். 1986 உலகக் கோப்பையில் 12 அணிகளில் கடைசி!

மறுபக்கமும் உண்டு. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் கடைசி இடம். ஆனால் 2016-இல் லக்னோவில் ஜூனியர் உலகக் கோப்பையை வென்ற பையன்களில் ஹர்மன்பிரீத், சிம்ரன்ஜீத், குர்ஜந்த் எல்லாரும் 2021-இல் டோக்கியோவில் வெண்கலம் வாங்கிய அணியில் இருந்தார்கள். அவர்களை வளர்த்தவர்களுக்கு முழு மார்க் போட ஐந்து வருஷம் ஆச்சு. 2025-இல் ஜூனியர் உலகக் கோப்பை ஆட்டங்களை நம்ம ரேஸ்கோர்ஸ் மைதானத்திலேயே பார்த்தீங்களே, அதில் வெண்கலம் வென்ற நம் பையன்கள் விஷயமும் அப்படித்தான்.

என் கதையையும் சொல்லிடறேன். நான் அணிச் செயலாளராக இருந்தபோது, கோப்பை ஆசையில் இறுதியாண்டு மாணவர்களாகவே இறக்கினேன். ஜெயிச்சோம். தோளில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். அடுத்த ஜூனில் பார்த்தால் பதினொரு பேர் தேறவில்லை. வரிசையாகத் தோல்வி. திட்டு வாங்கியதோ எனக்குப் பின் வந்த பையன். இன்றைக்கும் அது எனக்கு உறுத்தல்தான்.

ஆகவே மூன்று கேள்வி கேளுங்கள். கையில் எவ்வளவு பணம் இருந்தது? முடிவெடுத்த அன்று அவருக்கு என்ன தெரிந்திருந்தது? அவர் போன பிறகு என்ன மிஞ்சும்?

இந்த வருஷம் தோற்ற பதினொரு பேரில் ஏழு பேர் முதலாமாண்டு மாணவர்கள். அவருக்கு இன்னும் இரண்டு வருஷம் கொடுப்போம். அப்பவும் முன்னேற்றம் இல்லையென்றால், மாற்றச் சொல்லி முதலில் கை தூக்குகிறவன் நான்தான்.