கரண்டி யார் கையில்?



பசியைப் பற்றிப் பேசச் சொன்னீங்க. புள்ளிவிவரத்தை முதல்லயே சொல்லிடறேன். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட தலித் குழந்தைகளில் நூற்றுக்கு 39 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாமல் குறுகிப்போயிருக்கிறார்கள். தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் அல்லாத வீடுகளில் அது 30.

வறுமைதான் காரணம்னு சொல்லி முடிச்சிடறாங்க. வறுமை மட்டும்தான்னா சோறு போட்டாத் தீரணும். சோறு போடத்தான் செய்தார்கள். 1982 ஜூலையில் சத்துணவுத் திட்டம் வந்தது. நான் அந்தச் சோற்றில் வளர்ந்தவன். எங்க பள்ளியில சேரிப் பிள்ளைகளுக்குத் தனி வரிசை, அதுவும் கடைசியில. கரண்டி எங்க தட்டுல பட்டுடக் கூடாதுன்னு உயரத்திலிருந்து போடுவாங்க. பாதி தரையில சிந்தும். இன்னொரு கரண்டி கேட்டா வசவு. ரோஷத்துல சில நாள் தட்டே கொண்டுபோக மாட்டேன். வீட்டுக்குப் போய் அம்மாகிட்ட 'சாப்பிட்டாச்சு'ன்னு பொய் சொல்வேன். அரிசி இல்லாததால் வந்த பசியா அது?

உணவு உரிமை வழக்கில் 2004 ஏப்ரல் 20 அன்று உச்சநீதிமன்றம் ஓர் ஆணை போட்டது. மதிய உணவுச் சமையலர், உதவியாளர் நியமனத்தில் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தரவேண்டும் என்றது. நம்ம தோழர்களே இதைப் பெரிசா எடுத்துக்கலை. 'ஆயா வேலைதானே' என்று விட்டுவிட்டோம். (ஆம்பளைங்க நாம கூட்டம் போட்டா இப்படித்தான் ஆகும்.) நம்ம பெண் கையில கரண்டி இருந்தா நம்ம பிள்ளை ரெண்டாம் தரம் கேட்கும்.

இது சாதி இந்துக்களுக்கு நம்மைவிட நல்லாத் தெரியும். 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில், அருந்ததியர் பெண் சமைக்கக்கூடாது என்று கிளம்பினார்கள். அதிகாரிகள் என்ன செய்தார்கள்? எதிர்த்தவர்களைக் கேட்கவில்லை, அந்த அம்மாவை இடமாற்றம் செய்தார்கள். போராட்டம் வெடித்த பிறகுதான் அந்த உத்தரவு ரத்தானது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. 2022ல் காலை உணவுத் திட்டம் வந்தது. அடுத்த வருஷமே கரூர் மாவட்டம் வேலஞ்செட்டியூரில் மறுபடி அதே எதிர்ப்பு. கலெக்டர் நேரில் போக வேண்டியிருந்தது.

மாணவர்கள் இந்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது அங்கன்வாடியையும் பள்ளியையும் பாருங்க. சமைப்பவர் யார், முட்டை எல்லாத் தட்டுக்கும் வருதா, எந்தத் தெருப் பிள்ளை வீட்டுச் சோறு கொண்டுவருது என்று எழுதிக்கிட்டு வாங்க. பந்தி நடக்கும்போதே போய் நில்லுங்க. பாத்திரம் கழுவின பிறகு போனா ஒண்ணும் தெரியாது.